இருமுறை ஓட வந்தவர்

விளையாட்டு வீரர்களின் பேட்டிகளை வாசித்துப் பழகியவர்களுக்கு, தம் விளையாட்டின் மீது தமக்குள்ள காதலைப் பற்றி அவர்கள் சொல்லும் வரிகள் மனப்பாடமாகவே ஆகியிருக்கும். ஜப்பானின் நெடுந்தூர ஓட்ட வீராங்கனை ஹிடோமி நீய்யா அந்த வரிகளைச் சொல்பவர் அல்லர். ஓடுவது தமக்குப் பிடித்தமான செயல் அன்று என்றும், அது தம் தொழில் என்றும், ஊதியம் வாங்கிக்கொண்டு செய்யும் தொழில் என்பதால் முடிவைக் காட்ட வேண்டிய கடமை தமக்கு உண்டென்றும் அவர் பலமுறை வெளிப்படையாகவே கூறியிருக்கிறார். முதலில் கேட்கும்போது இது சலிப்பின் குரலாகத் தோன்றலாம். அவருடைய ஓட்டங்களைத் தொடர்ந்து பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். தொழிலை இவ்வளவு கண்டிப்போடு செய்தவர்கள் அந்தத் தடத்தில் மிகக் குறைவு.

ஹிடோமி 1988 பிப்ரவரியில் ஒகயாமா மாகாணத்தின் சோஜா நகரில் பிறந்தார். ஜப்பானியப் பெண்கள் தடகளத்தில் ஒகயாமாவுக்கு ஒரு தனி இடம் உண்டு. 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில், 100 மீட்டரில் தோற்ற பிறகு, அதுவரை போட்டியில் ஓடியே பழகாத 800 மீட்டரில் பெயர் கொடுத்து வெள்ளி வென்ற கினுவே அந்த மண்ணைச் சேர்ந்தவர். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண் அவரே. அதன் பிறகு ஒலிம்பிக் தடகளத்தில் ஒரு ஜப்பானியப் பெண் பதக்கம் பெற 64 ஆண்டுகள் ஆயின. 1992இல் பார்சிலோனா மாரத்தானில் வெள்ளி வென்று அந்த இடைவெளியை முடித்து வைத்த யூகோ அரிமோரியும் ஒகயாமாக்காரரே. இந்த வரிசையில் மூன்றாவதாக வைத்துப் பேசத் தகுந்தவர் ஹிடோமி என்பது என் கருத்து. முதல் இருவரிடமும் இருக்கும் ஒலிம்பிக் பதக்கம் அவரிடம் இல்லை என்பதை அறிந்தே இதைச் சொல்கிறேன்.

அவர் படித்த கோஜோகான் உயர்நிலைப் பள்ளி பெண்கள் எகிடென் ஓட்டத்துக்குப் பெயர் பெற்றது. எகிடென் என்பது சாலையில் நடக்கும் நெடுந்தூரத் தொடர் ஓட்டம். கையில் கோலுக்குப் பதிலாக, தோளில் குறுக்காக அணியும் தாசுகி என்ற துணிப்பட்டையை ஒருவர் கழற்றி அடுத்தவரிடம் கொடுப்பார். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் கியோட்டோவில் நடக்கும் தேசியப் பள்ளி எகிடெனில் பெண்கள் ஐவர் சேர்ந்து அரை மாரத்தான் தூரத்தை ஓடி முடிக்கிறார்கள். முதல் கட்டமான 6 கிலோமீட்டர்தான் ஐந்திலும் நீளமானது. நாட்டின் மிகச் சிறந்த பள்ளி மாணவிகள் எல்லோரும் அங்கேதான் மோதிக்கொள்வார்கள். ஹிடோமி அந்த முதல் கட்டத்தில் 2003, 2004, 2005 ஆகிய மூன்று ஆண்டுகளும் முதலாவதாக வந்தார். மூன்றாவது ஆண்டில் அவருடைய பள்ளியும் பட்டம் வென்றது. முன்னால் போய், பின்னால் வருபவர்களைத் திரும்பிப் பாராமல் ஓடும் அவருடைய வழக்கம் அந்தக் கட்டத்திலேயே உருவாகிவிட்டது என்று நினைக்கிறேன். எகிடெனின் முதல் கட்டத்தில் தன் நேரம் மட்டும் கணக்கில்லை. தன் அணிக்கு எத்தனை நொடி முன்னிலை தேடிக்கொடுத்தோம் என்பதே கணக்கு.

ஜப்பானில் பள்ளி முடித்த ஓட்ட வீராங்கனை பெரும்பாலும் ஒரு நிறுவனத்தில் ஊழியராகச் சேர்கிறார். நிறுவனங்கள் தம் பெயரில் அணிகளை நடத்துகின்றன. பணிப் பதிவேட்டில் பெயர் இருக்கும், சம்பளம் வரும், வேலை ஓடுவது. நவம்பரில் நடக்கும் தேசிய நிறுவன எகிடெனில் அணி எங்கே வருகிறது என்பதே அந்த நிறுவனத்துக்கு முக்கியம். ஓட்டத்தைத் தொழில் என்று ஹிடோமி சொல்லும்போது அதில் உருவகம் எதுவும் இல்லை என்பது இந்த ஏற்பாட்டை அறிந்தால் புரியும்.

அவர் டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ் அணியில் சேர்ந்து, யோஷியோ கொய்தேயின் கீழ் பயிற்சி பெற்றார். அரிமோரியையும், 2000ஆம் ஆண்டு சிட்னியில் தங்கம் வென்ற நவோகோ தகஹாஷியையும் உருவாக்கிய பயிற்சியாளர் அவர். 2007 பிப்ரவரியில் முதல் டோக்கியோ மாரத்தான் குளிர்மழையில் நடந்தது. அதுவே ஹிடோமிக்கும் முதல் மாரத்தான். வயது 19 நிறையச் சில நாட்கள் இருந்தன. 2 மணி 31 நிமிடத்தில் ஓடிப் பெண்கள் பிரிவில் அவர் வென்றார். அதே பந்தயத்தோடு ஓட்டத்திலிருந்து விடைபெற்ற அரிமோரி ஐந்தாவதாக வந்தார். செய்தியாளர்களுக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைத்திருக்காது. அடுத்த மாரத்தான் நட்சத்திரம் பிறந்துவிட்டார் என்றே பலரும் எழுதினார்கள். அது நடக்கவில்லை. 2009 வரை அவர் ஓடிய மாரத்தான்களில் 2 மணி 30 நிமிடத்தை அவரால் தாண்ட முடியவில்லை. பிறகு சாலையை விட்டுத் தடத்துக்குத் திரும்பினார்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரை 30 நிமிடம் 59.19 நொடியில் ஓடி ஒன்பதாவதாக வந்தார். 31 நிமிடத்துக்குள் ஓடும் ஜப்பானியப் பெண்கள் அன்று விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. ஆனால் அவருடைய முதல் வாழ்க்கையின் உச்சம், அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று மாஸ்கோவின் லுஷ்னிகி அரங்கில் நடந்த உலகப் போட்டியின் இறுதி ஓட்டம்தான்.

10,000 மீட்டர் என்பது 400 மீட்டர் தடத்தில் 25 சுற்று. எத்தியோப்பியாவின் திருனேஷ் டிபாபா போன்ற ஒருவர் களத்தில் இருக்கும்போது, மற்றவர்களின் கணக்கு எளிமையானது: கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு போ, கடைசிச் சுற்றில் கையில் இருப்பதை இறக்கு. ஹிடோமியிடம் அந்தக் கடைசிச் சுற்று வேகம் இல்லை. அது அவருக்கும் தெரியும். எனவே மெதுவாகப் போகும் பந்தயம் ஒவ்வொன்றும் அவருக்குத் தோல்விதான். மூன்றில் ஒரு பங்கு தூரம் கடந்ததும் அவர் முன்னால் வந்து, சுற்றுக்கு 74 நொடி என்ற அளவில் வேகத்தைப் பிடித்து, அதை விடாமல் இழுத்தார். கூட்டம் நீண்டு, மெலிந்து, அறுந்தது. எத்தியோப்பியாவையும் கென்யாவையும் சேர்ந்த நால்வர் மட்டும் அவருக்குப் பின்னால் வரிசையாக ஒட்டிக்கொண்டார்கள். காற்றை வெட்டும் வேலை முழுவதையும் முன்னால் ஓடுபவர் செய்ய, பின்னால் வருபவர்கள் சக்தியைச் சேமித்துக்கொண்டே வந்தார்கள். ஏறத்தாழ 500 மீட்டர் மீதம் இருந்தபோது டிபாபா விலகி முன்னேறினார். அடுத்த சில நொடிகளில் மற்ற மூவரும் கடந்து போனார்கள். அந்த 500 மீட்டருக்குள் டிபாபாவுக்கும் ஹிடோமிக்கும் இடையில் விழுந்த தூரம் 13 நொடிக்கு மேல். வெண்கலத்துக்கும் அவருக்கும் இடையே 10 நொடிகூட இல்லை.

30:56.70, ஐந்தாம் இடம், அவருடைய வாழ்நாளின் சிறந்த நேரம். உலகப் போட்டியில் ஒரு ஜப்பானியப் பெண் இந்தத் தூரத்தில் பதக்கம் பெற்றது 1997இல் ஏதென்ஸில் மசாகோ சிபாவோடு நின்றிருந்தது என்பதை வைத்துப் பார்த்தால் இது பெரிய காரியம். ஹிடோமி அழுதுகொண்டு வெளியே வந்தார். பதக்கம் கிடைக்காததால் தம் வேலையைச் செய்து முடிக்கவில்லை என்ற எண்ணமே அவரிடம் இருந்தது. அந்த ஓட்டத்தைப் போற்றி எழுதியவர்கள் பலரும் அவருடைய துணிவைப் பாராட்டினார்கள். எனக்கும் அது துணிவாகவே தெரிகிறது. ஆனால் அவரைப் பொறுத்தவரை அது துணிவல்ல, இருந்த ஒரே வழி.

ஆறு மாதத்தில், 2014 ஜனவரியில், 25 வயதில் ஓய்வை அறிவித்தார். வலது குதிகாலில் நீங்காத வலி என்பது அறிவித்த காரணம். அதன் பின்னால் இருந்ததைப் பல ஆண்டுகள் கழித்து அவரே பொதுவெளியில் பேசினார்: மாஸ்கோவுக்கு முன் எடையைக் குறைத்துக்கொண்டே போனதாகவும், மாதவிடாய் நின்றுபோனதாகவும். உண்பதைவிடச் செலவழிப்பது தொடர்ந்து அதிகமாக இருந்தால், உடல் முதலில் கைவிடுவது இனப்பெருக்கச் சுழற்சியைத்தான். ஈஸ்ட்ரோஜன் குறையும், அதோடு எலும்பின் அடர்த்தியும் குறையும், காயம் ஆறுவது தாமதமாகும். இது மருத்துவத்தில் புதிய செய்தியல்ல. இருந்தும் ஜப்பானியப் பெண்கள் நெடுந்தூர ஓட்டத்தில், எடை குறைந்தால் வேகம் கூடும் என்ற சூத்திரம் பள்ளிக்கூட மைதானத்திலிருந்தே சொல்லிக்கொடுக்கப்பட்டு வந்தது. மாதவிடாய் நிற்பதைப் பயிற்சி கடுமையாக நடப்பதற்கு அடையாளமாகக் கொண்ட பயிற்சியாளர்களும் இருந்தார்கள். அத்தனை இளம் வீராங்கனைகள் இருபது வயதுக்குள் ஒளிர்ந்து இருபத்தைந்துக்குள் காணாமல் போனதற்குத் திறமைக் குறைவைக் காரணமாகச் சொல்வது எனக்கு ஒருபோதும் உடன்பாடில்லை. அதன் பிறகு ஹிடோமி மாதவிடாயைப் பற்றி மேடைகளிலும் நேர்காணல்களிலும் தயக்கமின்றிப் பேசத் தொடங்கியது, அவருடைய சாதனைகளுக்குச் சற்றும் குறையாத பணி.

ஓய்வுக்குப் பின் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அவர் அலுவலகப் பணியில் இருந்தார். ஓடவில்லை. திரும்பி வந்ததற்கு அவர் சொன்ன காரணமும் அவருக்கே உரியது: அலுவலக வேலையைவிட ஓட்டத்தில் தம்மால் அதிகம் சம்பாதிக்க முடியும் என்பது. தாகம், கனவு, விட்ட குறை தொட்ட குறை என்றெல்லாம் அவர் அலங்கரிக்கவில்லை.

இரண்டாவது வாழ்க்கையின் பயிற்சியாளர் மசாதோ யோகோதா. 800 மீட்டரில் தேசியச் சாதனை வைத்திருந்தவர், லண்டன் ஒலிம்பிக்கில் ஓடியவர். நெடுந்தூரக்காரர் அல்லர், ஹிடோமியைவிடச் சில மாதங்களே மூத்தவர். இரண்டு சுற்று ஓடியவர் இருபத்தைந்து சுற்று ஓடுபவருக்கு என்ன சொல்லிக்கொடுக்க முடியும் என்று அன்று சிலருக்கு ஐயம் எழுந்திருக்கக்கூடும். அதில்தான் விடையும் இருந்தது. வேகம் குறித்த அறிவு அவரிடம் இருந்தது, ஹிடோமியிடம் இல்லாததும் அதுவே. அதைவிட முக்கியமாக, வேலை பிரிக்கப்பட்டது: திட்டம் வகுப்பது யோகோதாவின் பொறுப்பு, அதை ஓடிக் காட்டுவது ஹிடோமியின் பொறுப்பு. முதல் வாழ்க்கையில் எல்லாவற்றையும் தனியாகச் சுமந்து, தன் உடம்பையே எதிரியாக நடத்தியவர், இம்முறை சிலவற்றைப் பிறர் கையில் கொடுக்கக் கற்றுக்கொண்டார். அவருடைய இரண்டு வாழ்க்கைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு கடின உழைப்பின் அளவில் இல்லை. இந்த ஏற்பாட்டில் இருக்கிறது என்பது என் துணிபு.

2018 டிசம்பரில் மெல்போர்னில் நடந்த சாட்டோபெக் பந்தயத்தில் 10,000 மீட்டரை 31:32.50இல் ஓடி வென்றார். மறு ஆண்டு தோஹாவில் ஆசியப் போட்டியில் வெள்ளி. அதே ஊரில் உலகப் போட்டியில் பதினொன்றாம் இடம். நான்கு ஆண்டுக்கு மேல் ஓடாமல் இருந்து வந்தவருக்கு இது போதாதா என்று பார்ப்பவர்கள் கேட்கலாம். அவர் கேட்கவில்லை.

2020 ஜனவரியில் ஹூஸ்டனில் அரை மாரத்தானை 1 மணி 6 நிமிடம் 38 நொடியில் ஓடி வென்றார். கயோகோ ஃபுகுஷி 2006இல் வைத்த 1:07:26 என்ற தேசியச் சாதனை 48 நொடிகளால் முறிந்தது. அந்த ஆண்டு செகிசுய் கெமிக்கல் அணியில் சேர்ந்து, நவம்பரில் நிறுவன எகிடெனின் மூன்றாம் கட்டத்தில் இருந்த பழைய சாதனையை ஒரு நிமிடத்துக்கும் மேலாகக் குறைத்தார். அதற்கு இரண்டு வாரம் கழித்து வந்தது ஒசாகா.

2020 டிசம்பர் 4, நாகாய் அரங்கம். ஒலிம்பிக் தேர்வுக்காக நெடுந்தூரத் தேசியப் போட்டிகள் மட்டும் தனியாக நடத்தப்பட்ட மாலை. 5,000 மீட்டரில் நொஸோமி தனகாவும், ஆண்கள் 10,000 மீட்டரில் தேசியச் சாதனையோடு அகிரா ஐசாவாவும் வென்ற அதே மாலை. ஹிடோமியின் அணித்தோழி சயாகா சாதோ தொடக்கச் சுற்றுகளில் முன்னால் ஓடி வேகம் பிடித்துக் கொடுத்தார். அவர் விலகிய பிறகு மீதி முழுவதும் ஹிடோமி தனியே. ஒரு சுற்றுக்கு 73 நொடிக்குச் சற்றுக் குறைவு என்ற கணக்கு, சுற்றுக்குச் சுற்று மாறாமல் வந்துகொண்டிருந்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, தோள்கள் எழவில்லை. இரண்டாவதாக வந்த மாவோ இச்சியாமாவைத் தவிர மற்ற அனைவரையும் ஒரு முழுச் சுற்று முந்திக்கொண்டு, 30:20.44இல் முடித்தார். யோகோ ஷிபுய் 2002இல் வைத்த 30:48.89 என்ற சாதனை 18 ஆண்டுகள் யார் கையிலும் அகப்படாமல் இருந்தது. அது நொடியின் பின்னங்களில் நகரவில்லை; ஒரேயடியாக 28.45 நொடி கீழே இறங்கியது. 2022இல் ரிரிகா ஹிரோனகா ஓரிகன் உலகப் போட்டியில் 30:39.71 ஓடினார், அதுவும் மிகச் சிறந்த ஓட்டமே, ஆனாலும் ஹிடோமியின் நேரத்துக்கு 19 நொடி பின்னால்தான் நின்றது. மாஸ்கோவில் ஓடியதைவிட 36 நொடி விரைவாக, 32ஆம் வயதில், எடையோடு போரிடாமல் அவர் இதை ஓடினார் என்பதைப் பயிற்சியாளர்கள் தம் சுவரில் எழுதி வைக்கலாம்.

இந்த நேரத்தோடு டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனால் பதக்கம் நிச்சயம் என்று கட்டுரைகள் வந்தன. அந்த ஆண்டு ஜப்பானில் ஒலிம்பிக்கே வேண்டாம் என்று மக்களில் பெரும்பகுதியினர் நினைத்தார்கள். மக்களின் எதிர்ப்பைக் கண்டுகொள்ளாமல் வீரர்கள் மட்டும் மகிழ்ந்திருக்க முடியாது என்று வெளிப்படையாகச் சொன்ன மிகச் சிலரில் ஹிடோமியும் ஒருவர். 2021 ஆகஸ்ட் 7 அன்று பார்வையாளர் இல்லாத தேசிய அரங்கில் அவர் 32:23.87 ஓடி 21ஆம் இடத்தில் முடித்தார். தம் சிறந்த நேரத்தைவிட இரண்டு நிமிடத்துக்கு மேல் அதிகம். அதே ஓட்டத்தில் இருபது வயது ஹிரோனகா ஏழாவதாக வந்தார். இந்த ஓட்டத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

அதன் பிறகு ஓட்டத்தை விட்டுவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மாரத்தானுக்குத் திரும்பினார். 2022 மார்ச்சில் டோக்கியோவில், 2009க்குப் பிறகு ஓடிய முதல் மாரத்தானில், 2:21:17. பழைய சிறந்த நேரத்திலிருந்து ஒன்பது நிமிடத்துக்கு மேல் குறைந்தது. அந்தக் கோடையில் ஓரிகன் உலகப் போட்டிக்குத் தேர்வாகி, கொரோனா தொற்றால் தொடக்கக் கோட்டுக்கே வர இயலாமல் போனது.

2023 ஜனவரி 15 அன்று மீண்டும் ஹூஸ்டன். வென்றார், நேரம் 2:19:24. ஜப்பானியப் பெண்களின் மாரத்தான் சாதனை, ஏதென்ஸ் ஒலிம்பிக் தங்கம் வென்ற மிசுகி நொகுசி 2005இல் பெர்லினில் ஓடிய 2:19:12. பன்னிரண்டு நொடி. 42.195 கிலோமீட்டரில் பிரித்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு மூன்றில் ஒரு நொடிகூட வராது. அன்று அது ஜப்பானியப் பெண்களின் வரலாற்றில் இரண்டாவது சிறந்த நேரம். ஆனால் இரண்டாவது என்பது அவர் கேட்டுப் போன பொருள் அன்று. செப்டம்பரில், உள்நாட்டு ஒலிம்பிக் தேர்வுப் பந்தயத்தில் ஓடுவதற்குப் பதிலாக, அந்தச் சாதனையை நோக்கியே பெர்லினுக்குப் போனார். பாரிஸ் வாய்ப்பின் நேரான பாதையை விட்டுக்கொடுத்து எடுத்த முடிவு அது, கிடைத்தது 2:23:08. எத்தியோப்பியாவின் டிகிஸ்ட் அசெஃபா 2:11:53இல் உலகச் சாதனை படைத்த அந்தக் காலையில், ஹிடோமி எப்படி ஓடினார் என்று கவனித்தவர்கள் ஜப்பானுக்கு வெளியே யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

நொகுசியின் சாதனை கடைசியில் 2024 ஜனவரி 28 அன்று ஒசாகாவில் முறிந்தது. ஹொனாமி மயேடா 2:18:59 ஓடினார். 19 ஆண்டுகள் நிறைய இன்னும் சில மாதங்களே இருந்தன. அந்தப் பந்தயத்தில் பேஸர்களாக முன்னால் ஓடி வேகம் பிடித்துக் கொடுத்தவர்களில் ஹிடோமியும் ஒருவர். பாதித் தூரத்தை நெருங்கியபோது மயேடா பேஸர்களையே தாண்டிக்கொண்டு தனியே போனார். தாம் ஓராண்டாகத் துரத்திய இலக்கை நோக்கி இன்னொருவரைக் கொண்டு சேர்க்கும் வேலையை, ஒரு பந்தயத்துக்கு ஐந்து வாரம் மீதமிருக்கும்போது ஒப்புக்கொள்ள எத்தனை பேர் முன்வருவார்கள் என்று தெரியவில்லை. ஹிடோமி அதையும் ஒப்புக்கொண்ட வேலையாகவே செய்தார். மார்ச் 3 அன்று டோக்கியோவில் தம் சொந்த ஓட்டத்தை ஓடினார்: 2:21:50, ஆறாம் இடம், வயது 36.